கப்பல் மேல் எழுபது தப்படி

செல்மர் நெஸ்ஸின் வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ‘நிச்சயம்’. அதற்காக அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. மின்னசோட்டாவின் வடமேற்கு மூலையில், பால்மாடும் பீட்ரூட் வயலும் நார்வே வம்சத்து லுத்தரன் சபையுமாகக் கிடக்கும் எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் அது வராது. களஞ்சியம் பற்றி எரிந்தால் “கொஞ்சம் புழுக்கமா இருக்குல்ல” என்போம். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்தால் “ஏதோ ஃபெயில் ஆகல” என்போம். போன வீட்டில் காப்பி கொடுத்தால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை கேட்டால்தான் “ஊத்திட்டீங்கன்னா வீணாக்க வேண்டாம்” என்று வாங்கிக்கொள்வோம். முதல் தடவையிலேயே சரி என்று சொன்ன ஒரு ஸ்வீடன்காரனைப் பற்றி ஊரில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செல்மர் எங்களிலும் ஒரு படி மேலே. ஆல்மாவை அவன் பெண் கேட்ட விதம் இது: “நாம ரெண்டு பேரும் சேந்து இருந்தா அவ்வளவு மோசமா இருக்காதுன்னு நெனக்கிறேன்.” ஆல்மாவும் எங்கள் ஊர்தான் என்பதால் இவன் தன் மேல் உயிரையே வைத்திருக்கிறான் என்று சரியாகப் புரிந்துகொண்டு, ராத்திரியெல்லாம் சந்தோஷத்தில் அழுதாள். காலையில் “எனக்கும் பெருசா ஆட்சேபணை இல்ல” என்று சொல்லி அனுப்பினாள்.

பறக்க அவன் தானாகக் கற்றுக்கொண்டான். இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு பழைய துணி விமானத்தை வாங்கி, பீட்ரூட் அறுத்த வயலில் ஏறி இறங்கிப் பழகினான். அவர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு தடவை வேலியில் மோதியதும் கும்பிடு போட்டு விலகிக்கொண்டார்கள். இவன் நான்கு வேலியில் மோதினான், ஆனாலும் விடவில்லை. யுத்தம் வந்தபோது விமானப்படைக்கு எழுதிப் போட்டான். அங்கே ஒரு அதிகாரி கேட்டார்.

“விமானம் ஓட்டத் தெரியுமா?”

“ஏதோ கொஞ்சம் சார்.”

“எத்தனை மணி நேரம் பறந்திருக்கே?”

“பெருசா ஒண்ணும் இல்ல சார்.”

அப்போது அவன் நானூறு மணி நேரம் பறந்திருந்தான். அனுபவம் போதாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். தரைப்படை அவனைப் பிடித்து, பீரங்கிப் பிரிவில் குண்டு ஏற்றும் லாரிக்கு டிரைவராக்கியது. ஒரு வருஷம் கழித்து அதே பீரங்கிப் பிரிவு தன் சொந்த உபயோகத்துக்குச் சின்ன விமானங்களை வாங்கியது. அறுபத்தைந்து குதிரைச் சக்தி எஞ்சின், துணி போர்த்திய இறக்கை. மேலே போய் வட்டமடித்து, நம் குண்டு எங்கே விழுகிறது, கொஞ்சம் தள்ளிப் போடணுமா, கிட்டே போடணுமா என்று ரேடியோவில் சொல்வதுதான் அதன் வேலை. ஓட்ட ஆள் வேண்டும் என்று அந்தப் பிரிவின் தலைவர் மேஜர் டிரிஸ்கல் வரிசையில் நிற்கவைத்துக் கேட்டபோது செல்மர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆல்மாதான் மேஜருக்குக் கடிதம் எழுதினாள்: என் கணவர் சொல்வதை நம்ப வேண்டாம், அவர் நானூறு மணி நேரம் பறந்திருக்கிறார். இப்படி ஊரறியத் தம்பட்டம் அடித்துவிட்டோமே என்ற கூச்சத்தில் அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகவில்லை.

இப்படித்தான் லாரி டிரைவர் செல்மர், லெப்டினன்ட் நெஸ் ஆனான். 1943 ஜூலையில் துனீசியாவின் பிசெர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் மேல் நின்றான்.

அது டாங்கிகளை வயிற்றில் ஏற்றிப்போய்க் கரையில் கக்கும் தட்டை மூக்குக் கப்பல். அதன் மேல்தளத்தின் மீது தச்சர்கள் பலகையும் இரும்பு வலையும் போட்டு ஒரு ஓடுபாதை கட்டியிருந்தார்கள். நீளம் எழுபது தப்படி. செல்மர் ஒன்பது தடவை நடந்து அளந்தான். சின்னத் தப்படியாக வைத்தால் எழுபத்தெட்டு வந்தது என்று வீட்டுக்கு எழுதினான். அகலம், சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் வைக்கலாம், அவ்வளவுதான். இதிலிருந்து கிளம்பலாம், திரும்பி வந்து இறங்க முடியாது. கிளம்பியவன் நேரே கரைக்குப் போய், நம் ஆட்கள் பிடித்து வைத்திருக்கும் மண்ணில் இறங்க வேண்டும். மண் பிடிபடவில்லை என்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, செல்மரும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

மேஜர் டிரிஸ்கல் வரைபடத்தை விரித்து விஷயத்தை நேராகச் சொன்னார். “இதான் நாம இறங்கப்போற மணல். இதுக்குப் பின்னாடி ஒரு மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் பீரங்கி வெச்சான்னா எனக்குத் தெரியாது நெஸ். அவன் சுட்டுக்கிட்டே இருப்பான், படகுலேர்ந்து இறங்கற பையங்க விழுந்துகிட்டே இருப்பாங்க. நான் என் பீரங்கிய வெச்சுக்கிட்டுக் குருடன் மாதிரி உக்காந்திருப்பேன். நீ மேல போயி எங்கன்னு சொல்லணும். சீக்கிரமாச் சொல்லணும். புரியுதா?”

“முயற்சி பண்ணிப் பாக்கறேன் சார்” என்றான் செல்மர். மேஜர் வரைபடத்தைச் சுருட்டினார்.

துறைமுகத்தில் ஒன்பது நாள் காத்திருப்பு. கடற்படைச் சாப்பாடு தரைப்படைக்காரனுக்குக் கல்யாண விருந்து. புது ரொட்டி, வெண்ணெய், டின்னில் அடைத்த பீச் பழம். முதல் நாள் பரிமாறுகிறவன் பீச் பழத்தை நீட்டியபோது செல்மர் வழக்கப்படி வேண்டாம் என்றான். அவன் சரி என்று போய்விட்டான். மறுநாள் இவனிடம் நிற்கவே இல்லை. ஒன்பது நாளும் அடுத்தவன் தட்டில் மினுங்கும் பீச் பழத்தைப் பார்த்துக்கொண்டே காய்ந்த பட்டாணியைத் தின்றான்.

அவனோடு வந்த மெக்கானிக் சார்ஜன்ட் குளோவிஸ் புரூசார்ட் லூசியானாக்காரன், வாய்த்துடுக்குக்காரன், ஒரு நாளைக்கு மூன்று கிண்ணம் பீச் பழம் சாப்பிட்டான். “கேட்டா குடுப்பான் சார். வாயத் தொறந்து கேக்கணும். உங்க ஊர்ல குழந்த பொறந்தா அழுமா, இல்ல அதுக்கும் மூணு தடவ கேக்கணுமா?”

“பீச் எனக்கு அவ்வளவா ஒத்துக்காது” என்றான் செல்மர், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

கப்பல் கேப்டன் வின்ஸ்லோ யுத்தத்துக்கு முன்னால் மாசசூசெட்ஸில் பூகோள வாத்தியார். சாயங்காலம் சதுரங்கம் ஆட ஆள் தேடிக்கொண்டிருந்தார். செல்மரிடம் ஆடத் தெரியுமா என்று கேட்டதற்கு, “காய எப்படி நகத்தறதுன்னு தெரியும் சார்” என்றான். தொடர்ந்து ஏழு ஆட்டம் கேப்டனைத் தோற்கடித்தான், ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். எஞ்சின் பற்றித் தெரியுமா என்றதற்கு, “பாத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுக் கப்பலின் தண்ணீர் பம்பைப் பிரித்துச் சரிசெய்தான். கேப்டன் படித்தவர். இந்த ஆள் என்ன சொன்னாலும் அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கணக்கில்தான் வினை வந்தது. கப்பலின் விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்காரர்கள் அந்த வாரம் நம் விமானம் ஒன்றையே சுட்டுவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு அடையாளம் சொல்லித்தர எதிரியின் உளவு விமானப் படம் மட்டும் கப்பலில் இல்லை.

“மிஸ்டர் நெஸ், உங்களுக்குப் படம் வரைய வருமா?”

“ரொம்ப ரொம்ப சுமார் சார்.”

அதுவரை செல்மர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே பச்சை உண்மை அதுதான். கேப்டன் பத்தால் பெருக்கினார். உடனே ஒரு பெரிய அட்டையும் கறுப்பு மையும் வந்தன.

எதிரியின் உளவு விமானத்தைச் செல்மர் ஒரே தடவைதான் பார்த்திருந்தான், அதுவும் பள்ளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு. அதற்கு நீளக் கால்கள் என்று ஞாபகம். மற்றபடி சின்ன விமானம் என்றால் அவன் கைக்குத் தெரிந்தது தன் வண்டி ஒன்றுதான். கை தெரிந்ததை வரைந்தது. கடைசியில் இறக்கையில் ஜெர்மன்காரன் அடையாளமான கறுப்புச் சிலுவையைப் போட்டு, கீழே ‘இதைக் கண்டால் சுடு’ என்று எழுதினான். எழுத்து மட்டும் மணிமணியாக வந்தது.

குளோவிஸ் அட்டையைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தான். “நம்ம வண்டி மாதிரியே இருக்கே சார்.”

“ரெண்டும் ஒரே ஜாதிதானே. சிலுவையப் பாரு.”

வகுப்பு துப்பாக்கி மேடையில் நடந்தது. துப்பாக்கிக்காரர்களின் தலைவன் காசிமிர் வோய்சிக், டெட்ராய்ட் பக்கத்து போலந்துக்காரன், கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், முன் வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கை தூக்கினான்.

“வாத்தியாரே, இதுல ரெக்கை எது, கால் எது?”

“நீளமா இருக்கறது ரெக்கை.”

“ரெண்டும் நீளமாத்தானே இருக்கு?”

“அப்ப மேல இருக்கறது ரெக்கைன்னு வெச்சுக்கங்க” என்றான் செல்மர். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

பையன்கள் நல்ல மாணவர்கள். மூன்று நாளில் அந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். கேப்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. குமாஸ்தாவை விட்டு நகல் எடுத்துப் பக்கத்தில் நின்ற ஐந்து கப்பல்களுக்கும் கொடுத்தனுப்பினார். நகலில் சிலுவை மட்டும் மை அப்பிக் கறுப்புத் திட்டாக விழுந்திருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கீழே எழுத்து தெளிவாக இருந்ததே.

கப்பல்கள் கிளம்பிய அன்றே காற்று பிடித்துக்கொண்டது. தட்டை அடிக் கப்பல் அலையில் தொட்டிலாட்டம் ஆடியது. செல்மர் வயிற்றிலிருந்த பட்டாணியை எல்லாம் மத்தியதரைக் கடலுக்கு ஒப்படைத்துவிட்டு, விமானத்தின் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துப் படுத்திருந்தான். வண்டி காற்றில் போய்விடாமல் காவல் காப்பதாகச் சொல்லிக்கொண்டான். உண்மையில் கயிறு போட்டு இறுக்கியிருந்த வண்டிதான் அவனைப் போகாமல் பிடித்து வைத்திருந்தது.

விடியும்போது சிசிலிக் கரை தெரிந்தது. படகுகள் ஏற்கெனவே ஆட்களை இறக்கத் தொடங்கியிருந்தன. மேஜரும் நான்கு பீரங்கிகளும் இருட்டிலேயே கரையேறியிருந்தார்கள். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியோவில் மேஜரின் குரல் வந்தது. மேட்டுக்குப் பின்னாலிருந்து அடி விழுகிறது, விமானத்தை அனுப்புங்கள். அவ்வளவுதான். பின்னாலேயே ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

எழுபது தப்படி போதாது என்பது செல்மருக்கும் குளோவிஸுக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். பின்சீட்டைக் கழற்றிவிட்டார்கள். பெட்ரோலைப் பாதியாக்கினார்கள். உடன் வரவேண்டிய ஆளைக் கீழே நிறுத்திவிட்டார்கள். ரேடியோவை மட்டும் விட்டு வைத்தார்கள்.

“துப்பாக்கிய வெச்சுட்டுப் போங்க சார். தலைக்கவசத்தையும்.”

“பூட்ஸு?”

“அதயும்தான். பீச் பழம் சாப்பிடாதது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு.”

செல்மர் காலுறையோடு ஏறி உட்கார்ந்தான். கேப்டன் கப்பலை வரிசையிலிருந்து விலக்கிக் காற்றுக்கு நேரே திருப்பினார். குளோவிஸ் விசிறியைக் கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, ஓடிப்போய் வாலைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான். இரண்டு மாலுமிகள் இறக்கைத் தண்டைப் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின் முழு மூச்சில் அலறியது. கப்பல் மூக்கு அலையில் இறங்கி, மறுபடி ஏறத் தொடங்கும் நேரத்துக்காகக் காத்திருந்து செல்மர் கையை வீசிச் சைகை காட்டினான். மூன்று பேரும் விட்டார்கள்.

பலகை தடதடவென்று ஓடியது. அறுபது தப்படி வரை வண்டிக்குப் பறக்கும் எண்ணமே இருந்ததாகத் தெரியவில்லை. எழுபதில் பாதை தீர்ந்தது. வண்டி தண்ணீரை நோக்கி இறங்கியது. செல்மரின் மனதில் அப்போது வந்தது ஆண்டவரும் இல்லை, ஆல்மாவும் இல்லை. பூட்ஸ் இருந்திருந்தால் சீக்கிரம் மூழ்கியிருக்கலாம் என்பதுதான். சக்கரம் ஒரு அலையின் தலையைத் தொட்டது. பிறகு வண்டி, வேறு வழியில்லை என்பது போல, மெல்ல மேலே ஏறியது. பின்னால் தளத்தில் காசிமிரும் ஆட்களும் தொப்பியை வீசுவது தெரிந்தது.

அடுத்த கப்பலைத் தாண்டும்போது கீழிருந்து சுட்டார்கள். அதற்கடுத்த கப்பலும் சுட்டது. இடது இறக்கையில் பட் பட் என்று துணி கிழிந்தது. செல்மர் முதலில் எதிரி என்று நினைத்துத் தலையை நாலாபக்கமும் திருப்பினான். பிறகு அந்த ஒழுங்கையும் குறி பிசகாத அக்கறையையும் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஐந்து கப்பல்களும் பாடத்தை நன்றாகப் படித்திருந்தன. உலகத்தில் எந்த ஓவியனுடைய படத்துக்கும் இத்தனை மரியாதை கிடைத்திருக்காது. தண்ணீர் தெறிக்கும் உயரத்துக்கு இறங்கிக் கரை வரை வளைந்து வளைந்து ஓடினான். பின்னால் கேப்டன் வின்ஸ்லோ விளக்கடித்து மன்றாடிய பிறகுதான் சுடுவதை நிறுத்தினார்கள்.

மேட்டைத் தாண்டியதும் சத்தம் அடங்கியது. கீழே ஆலிவ் தோப்பு, கல் சுவர், ஒரு பாதை, பாதைக்கு அந்தப் பக்கம் அறுவடை முடிந்த கோதுமை வயல். வயலோரத்தில் களம், களத்தருகே வைக்கோல் போர். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. ஆனால் பாதைக்கு இந்தப் பக்கம், தோப்புக்குள்ளே, கல்லுத் தரையில் இன்னொரு வைக்கோல் போர் இருந்தது.

செல்மர் விவசாயி மகன். களத்தடியில் இடம் கிடக்கும்போது வைக்கோலைப் பாதை தாண்டித் தூக்கிப்போய், மேட்டில் ஏற்றி, மரத்துக்கு நடுவில் போர் போடும் முட்டாள் நார்வேயிலும் கிடையாது, சிசிலியிலும் இருக்க முடியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் போரின் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மூச்சுப் புகை வந்தது. கொஞ்சம் பொறுத்துக் கரையில் மணல் எழும்பியது. விமானக் கடிகாரத்தில் ஏழு பதினாலு.

“சார், தோப்புக்குள்ள ஒரு வைக்கோல் போர் இருக்கு. அதுவா இருக்கலாம்” என்றான் ரேடியோவில்.

“இருக்கலாமா?” மேஜரின் குரல். “நெஸ், நம்ம காலாட்படைக் கம்பெனி ஒண்ணு அந்தப் பக்கம் ஏறியிருக்கு. எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. தப்பான எடத்துல போட்டா அவங்க தலைமேலதான் விழும். அதான் கேக்கறேன். நிச்சயமா?”

“அப்படித்தான் தோணுது சார்.”

“தோணுதுன்னா பத்தாது. இன்னொரு தடவ பாரு.”

செல்மர் இன்னொரு வட்டம் போட்டான். தோப்பில் நம் ஆள் ஒருத்தனும் இல்லை என்பது முதல் வட்டத்திலேயே தெரிந்துவிட்டது. போரும் அதேதான், மூச்சும் அதேதான். ‘நிச்சயம் சார்’ என்று சொன்னால் முடிந்தது. நாக்கு வரை வந்தது. அந்த வார்த்தையைச் சொல்ல யார் இவன்? பீட்ரூட் வயலில் நாலு வேலியை உடைத்தவன். மேலே போனவுடனே எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிறான் பார் என்று யாரோ காதருகில் சொன்னது போலிருந்தது. அந்தக் குரல் எங்கள் ஊர்க் குரல்தான்.

“என்ன ஆச்சு?” என்றார் மேஜர்.

“அனேகமா அதான் சார்.”

“அனேகமா! யோவ், இங்க படகு வந்துகிட்டே இருக்குய்யா. ஆமான்னு சொல்லு, இல்ல இல்லைன்னு சொல்லு.”

“இன்னும் கொஞ்சம் கிட்டப் போயிப் பாத்துட்டா நல்லதுன்னு படுது சார்.”

மூன்றாவது வட்டம் போட்டான். காப்பியை மறுப்பது போலத் தான் கண்டதையே மறுத்துக்கொண்டு சுற்றினான். இந்த வட்டத்தில் இறங்கிப் போய்ப் பார்த்தபோது வைக்கோலுக்கு அடியில் சக்கரம் தெரிந்தது. ஒருத்தன் தலை நிமிர்ந்து இவனைப் பார்த்தான், சட்டையில்லாமல், வேர்வையோடு. அவன் பக்கத்திலிருந்து மறுபடி ஒரு குண்டு கரையை நோக்கிப் போனது. செல்மர் அது போன திசையில் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் மணலைத் தொட்ட ஒரு படகு, கதவு திறந்து ஆட்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்த படகு, புகைக்குள் காணாமல் போனது.

“நிச்சயம் சார்” என்றான். “அதான். நம்மாளு ஒருத்தரும் பக்கத்துல இல்ல. சுடுங்க.”

கடிகாரத்தில் ஏழு இருபத்தைந்து.

முதல் குண்டு இருநூறு கெஜம் குறைவாக விழுந்தது. தள்ளச் சொன்னான். இரண்டாவது சுவரைத் தாண்டிப் போனது. பாதி குறைக்கச் சொன்னான். மூன்றாவதற்கு வைக்கோல் பறந்தது. அத்தனையும் போடுங்கள் என்றான். நான்கு பீரங்கிகளும் சேர்ந்து அடித்தன. போர் திறந்துகொண்டு, உள்ளேயிருந்த குண்டுகள் தாமாக வெடித்துத் தோப்பே எரிந்தது. சரியாக நான்கு நிமிஷ வேலை. அதற்குப் பிறகு அந்த மேட்டுக்குப் பின்னாலிருந்து கரையில் ஒன்றும் விழவில்லை.

பெட்ரோல் தீர்வதற்குள் ஈர மணலில் இறங்கினான். சுற்றி நின்ற சிப்பாய்கள் இறக்கையில் இருந்த ஓட்டைகளை எண்ணினார்கள். பதினேழு.

“ஜெர்மன்காரனா சார் சுட்டான்?”

“இல்லப்பா. நான் பாடம் நடத்துன பசங்க” என்றான் செல்மர். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தன் அவன் காலுறையைக் காட்டி, விமானப்படையில் செருப்புக்கும் பஞ்சமா என்று கேட்டான். அதற்கும் ஏதோ பதில் சொன்னான், அதற்கும் சிரித்தார்கள். இந்தக் கதையை ஆல்மாவுக்கு எப்படி எழுதுவது என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டான்.

அங்கிருந்து மேஜரின் இடத்துக்கு நடக்கும் வழியில் மணல் சரிவின் நிழலில் காயம்பட்டவர்களைப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கப்பால் முகம் மூடியவர்கள் இரண்டு வரிசையாகக் கிடந்தார்கள். ஒரு வரிசைக்குப் போர்வை ஒழுங்காகப் போட்டிருந்தது. இன்னொன்றுக்கு இப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் தூக்கும் வயதான சிப்பாய் ஒருவன் போர்வையை இழுத்துவிட்டு நிமிர்ந்தான்.

“நீங்கதான மேல சுத்திக்கிட்டு இருந்தது?”

“ஆமா.”

“நல்ல வேல செஞ்சீங்க சார். அப்புறம் ஒண்ணும் விழல.” இரண்டாவது வரிசையைக் கையால் காட்டினான். “அந்தப் பக்கம் இருக்கறவங்க நீங்க வர்றதுக்கு முன்னாடி. இவங்கெல்லாம் நீங்க சுத்திக்கிட்டு இருந்தீங்கல்ல, அப்ப.”

அவன் குத்திக்காட்டவில்லை. கேட்டவனுக்கு விவரம் சொன்னான், அவ்வளவுதான். அடுத்த போர்வையை எடுக்கப் போய்விட்டான்.

செல்மர் இரண்டாவது வரிசையை எண்ணினான். பதினோரு பேர். துக்கமும் பயமும் பிறகுதான் வந்தன. முதலில் வந்தது வெட்கம். ஊரில் நல்ல பையன் என்று பெயர் வாங்கித் தந்த குணத்தை நினைத்து உடம்பு கூசியது. பணிவு பணிவு என்று முப்பது வருஷம் வளர்த்தது, பெருமைக்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தைத்தான் என்று அந்த மணலில் நின்று கண்டுகொண்டான்.

மேஜர் டிரிஸ்கல் தூரத்திலேயே கையை நீட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் தெரிந்தது.

“நெஸ்! மூணாவது குண்டுல புடிச்சிட்டியேய்யா. என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தன் பாத்துச் சொல்லி நான் பாத்ததில்ல. பதக்கத்துக்கு எழுதப்போறேன்.”

“சார், எனக்கு மொத சுத்துலயே தெரியும்” என்றான் செல்மர். வாழ்க்கையில் அத்தனை நேராக அவன் பேசியதில்லை. “அதுதான்னு மொதல்லயே தெரியும். நீங்க மூணு தடவ கேட்டீங்க. நான் சொல்லாம பதினோரு நிமிஷம் சும்மா சுத்தினேன்.”

மேஜர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து அவன் தோளில் ஓங்கித் தட்டினார். “உங்க ஊர்க்காரனுங்களே இப்படித்தான்யா. பதக்கம் குடுத்தாக்கூட மன்னிப்புக் கேப்பீங்க. போ, போயிக் காப்பி குடி.”

பதக்கம் வந்தது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பி, இருபது மாடும் ஆல்மாவும் மூன்று பிள்ளைகளுமாக நாற்பது வருஷம் வாழ்ந்தான். குளிர்காலத்தில் பால் சங்கத்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தால் நாங்கள் விடமாட்டோம், கப்பல் கதையைச் சொல்லச் சொல்வோம். பீச் பழத்திலிருந்து ஆரம்பிப்பான். ரெக்கை எது கால் எது என்ற இடத்தில் எங்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். ஒரு தடவை, பெரும்பனி பெய்த வருஷம், கதை முடிந்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. மேட்டுக்குப் பின்னால் தான் பார்த்ததையும் சொல்லாமல் சுற்றியதையும் சொன்னான். தன்னால் பதினோரு பேர் செத்தார்கள் என்று எங்களைப் பார்த்துச் சொன்னான்.

செல்மர் மறுபடி தன்னைத் தாழ்த்திக்கொள்கிறான் என்று எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அவன் நாங்கள் முடிக்கும் வரை காத்திருந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு பால் கறக்க நேரமாயிற்று என்று கிளம்பினான்.